காலாவதியான மாப்பிள்ளை

மனிதர்களின் பெயர்களையும் இணைய முகவரிகளைப்போலக் கெடு முடியுமுன் பணம் கட்டிப் புதுப்பித்தாக வேண்டிய காலம் அது; தவறினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கோவையில் நானூறு வாடிக்கையாளர்களின் பெயர்கள் காலாவதியாகாமல் காப்பதுதான் மருதாசலத்தின் வேலை. தனக்கு வந்த நினைவூட்டலை மட்டும், ‘வாடிக்கையாளர்களுக்கு நாம் எழுதிய கடிதம்தானே, சோதனைக்காக நமக்கே வந்திருக்கும்’ என்று அழித்துத் தொலைத்திருந்தான்.

கல்யாண மண்டபத்தில் பதிவாளரின் கருவி கையை விரித்தது: “இந்தப் பெயர் இன்று காலை வேறொருவருக்குப் போய்விட்டது.”

மாமனார் முறைத்தார். “பேரே இல்லாத ஆளுக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?”

மருதாசலம் கருவியில் தன் பெயரை மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தான். மணப்பெண் பூங்கோதை அவன் காதருகே குனிந்தாள்.

“அழுதுறாதீங்க. நீங்க மறந்துருவீங்கன்னு தெரியும். உங்க பேரைக் காலைல நான்தான் வாங்கி வெச்சிருக்கறேன்.”

“குடுத்துரு கோதை!”

“அந்தப் பேர்ல கையெழுத்து வேணாப் போட்டுக்குங்க, திருப்பியெல்லாம் தர மாட்டேன். நம்ம அறுபதாங் கல்யாணம் வரைக்கும் புதுப்பிச்சாச்சு.”