பழைய வேனின் ஆட்டம்

வேனில் ஏறினால் என் மாமியார் பேசி நான் கேட்டதே இல்லை. என் மனைவியோடு பின்சீட்டில் சாதுவாக உட்கார்ந்து வருவார். சிக்னலில் நின்றால் போதும், எஞ்சின் கடகடவென்று வண்டியையே உலுக்கும். அப்போதும் ஒரு புகார் கிடையாது.

"எஞ்சின் மவுண்ட் போயிடுச்சு. எஞ்சினைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கு," என்றேன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

"எதுக்குங்க வீண் வேலை? எங்களுக்குப் பழகிடுச்சு," என்றாள் மனைவி.

"உங்கம்மா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"அம்மாவே வேண்டாங்கிறாங்க."

மனம் உருகிவிட்டது. ஞாயிறு முழுக்க வண்டிக்கடியில் படுத்து, மூக்கெல்லாம் கிரீஸோடு புது மவுண்ட்டுகளை மாட்டினேன்.

மறுநாள் சிக்னலில் எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பாராட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சுவத்துல ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. இவரு எஞ்சின்ல கை வச்சாராம்," என்றார் மாமியார்.

"பச்சை விழறதுக்குள்ள சொல்லி முடிம்மா," என்றாள் மனைவி. "வண்டி நிக்கறப்பதான் அவருக்கு ஒண்ணும் கேக்காது."

வீடு வந்ததும் முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, பழைய மவுண்ட்டுகளைத் தேடினேன்.