அரைப்பேர்

“ஒலகத்துலயே தலைக்கு வருமானம் கூடின நாடு லக்சம்பர்க். தெரியுமாண்ணே?”

யோகேஸ்வரன் தேயிலைத் தோட்டத்து லயவீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, கட்டாரில் வாங்கிய சப்பாத்தோடு கால்மேல் கால் போட்டிருந்தான். கீழ்ப்படியில் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

“அது எங்கிட்டு இருக்கு தம்பி, பட்டிப்பொலைக்கு அங்கிட்டா?”

“ஐரோப்பாவுலண்ணே. கட்டாரும் லேசுப்பட்டதில்ல. நம்மள மாதிரி பதினஞ்சு மடங்கு. நாட்டு வருமானத்த மொத்தமாக் கூட்டி, இருக்கிற தலைக்கெல்லாம் பிரிச்சா அம்புட்டு வரும்.”

“அம்புட்டு வருதா,” என்றார் ஆண்டியப்பன், கல்லில் தண்ணீர் தெளித்தபடி.

“என்னண்ணே, தெனமும் அந்தக் கத்தியையே தேய்க்கிறீங்க?”

“ரொம்ப நாள் துரு தம்பி. மெள்ளத்தான் போவும். நீங்க சொல்லுங்க.”

லீவில் வந்த நாளிலிருந்து யோகேஸ்வரன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். பருப்புக்கறியைக்கூட உலக வரிசையில் அது எத்தனையாவது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே பிசைந்தான்.

மனைவி ஜீவராணி மலையிலிருந்து நனைந்து வந்தாள். “மழையில கொழுந்து நிறை வரலங்க. கண்டாக்கையா அரைப்பேருதான் போட்டாரு.”

நிறை குறைந்தால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அன்றைய வேலையைப் பாதி நாளாகத்தான் பதிவார். அதுதான் அரைப்பேர்.

“முழு ஆளா மலையேறுனவளுக்கு அரைப்பேரு,” என்று உச்சுக்கொட்டினான் யோகேஸ்வரன். “கட்டார்ல இதெல்லாம் கெடையாது.”

“அங்க பிரிக்கிறாங்களே, அந்தத் தலையில ஒங்க தலையும் உண்டுங்களா?”

“உண்டுதான். அங்க இருக்கிற எல்லாத் தலையும்தான்.”

“அப்ப ஒங்க பங்க யாருங்க வச்சிருக்கா?”

ஆண்டியப்பனுக்கு இருமல் வந்தது.

“அது சராசரி புள்ள. கையில குடுக்கிறதில்ல.”

“பேருக்குத்தான் வருமானம்னு சொல்லுங்க,” என்று தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

யோகேஸ்வரன் சிரித்து வைத்தான். கட்டார் கம்பனி மூடப்பட்டதையும், தன்னிடம் திரும்பிப் போக டிக்கெட்டே இல்லை என்பதையும் அவளிடம் எந்த வாயால் சொல்வது? வெள்ளிக்கிழமை விமானம் என்று சொல்லிப் பெட்டியோடு இறங்கி, கொழும்பில் ஏதாவது கடையில் சேர்ந்துவிடுவதாகத்தான் திட்டம். பதினைந்து மடங்கு நாட்டிலிருந்து வந்தவன் கவ்வாத்துக்குப் போனால் லயம் சிரிக்கும். அது போகட்டும், ஜீவராணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வியாழன் மாலை மெதுவாகக் கேட்டான். “பெட்டி கட்டிட்டியா?”

“கட்டியாச்சுங்க.”

மூன்று வருடத்துக்கு முன் அவன் புறப்பட்டபோது பஸ் மறையும் வரை அழுதவள், இந்தத் தடவை மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. அவனுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வெள்ளி விடிந்தது. சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். பஞ்சு மாதிரி வந்தது. உள்ளே ஏதோ ஒன்று மட்டும் கடகடவென்று உருண்டது.

“என்ன புள்ள இது, காத்தக் கட்டி வச்சிருக்க?”

திறந்தான். உடுப்பு ஒன்றுகூட இல்லை. சாக்குத் துணியைப் பிரித்ததும் கவ்வாத்துக் கத்தி ஒன்று பளபளத்தது.

“இது ஆண்டியப்பண்ணன் கத்தியில்ல?”

“பிடியைப் பாருங்க. ஒங்க பழைய கத்திதான். தெனமும் ஒங்க முன்னுக்குத்தான தீட்டுனாரு.”

வாசலில் ஆண்டியப்பன் செருமினார். “தம்பி, வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடிருச்சு. அந்த லக்சம்பர்க் மிச்சத்த நடந்துக்கிட்டே சொல்லுங்க.”

ஜீவராணி அவனுடைய பழைய ரப்பர் சப்பாத்தைக் கழுவித் துடைத்துக் காலடியில் வைத்தாள். “கம்பனி மூடினத ஒங்க கூட்டாளி ரொஷான் வீட்டுல அப்பவே போன்ல சொல்லிட்டாங்க. நீங்க வந்து எறங்குறதுக்கு முந்தியே கண்டாக்கையாகிட்ட கவ்வாத்து வேலைக்கு ஒங்க பேரக் குடுத்துட்டேன்,” என்றாள். “மூணு வருசமா இந்த வீட்டுக்கு அரைப்பேருதாங்க விழுந்துச்சு.”