தண்ணி வைத்தியம்

ஒரகடம் கம்பெனி கேன்டீனில் லூர்தம்மாளின் காதெல்லாம் கூட வேலை பார்க்கும் அறிவுமதியின் போன் பேச்சிலேயே இருந்தது.

"ராத்திரி பூரா தண்ணிலதானே கெடந்துச்சு, அத்தை? விடிஞ்சதும் வெயில்ல தூக்கிப் போட்டீங்களா? நல்லா காயட்டும். பாவம் பாக்காதீங்க!"

பத்து நாளாக மாமியாரோடு இதே பேச்சுதான். கட்டிய புருஷனை 'அது இது' என்று பேசுகிற அளவுக்கு நொந்துபோயிருக்கிறாளே என்று லூர்தம்மாள் உச்சுக்கொட்டினாள். அதற்கடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசம்.

"மண்ணுலதான் கெடக்குதா? கெடக்கட்டும் அத்தை. யாரும் தொடாதீங்க."

இரண்டு வாரம் கழித்து, டீ நேரத்தில் அறிவுமதி துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! எழுந்துடுச்சுக்கா! தலையைத் தூக்கிடுச்சு!"

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்லயும் ஒண்ணு இருவது வருசமா தண்ணிலயே கீது. உங்க மாமியா இன்னாதான் பண்ணாங்க, சொல்லும்மா!"

அறிவுமதி விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே போனைக் காட்டினாள். பாத்தி முழுக்கப் பச்சைப் பச்சையாய் முளைகள்.

"தேக்கு விதைக்கா! ஓடு கல்லாட்டம் இருக்கும். ஊறவெச்சு, காயவெச்சு, மாத்தி மாத்திப் பண்ணாதான் முளைக்கும். நம்ம கம்பெனி காம்பவுண்டுக்கே முந்நூறு கன்னு எங்க அத்தை நர்சரிலதான் கேட்டிருக்காங்க. முளைக்கலன்னா மானம் போயிருக்கும்!"

லூர்தம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். சட்டென்று மகளுக்குப் போன் போட்டாள்.

"ஸ்டெல்லா, உங்கப்பாவ எழுப்பாத. அப்படியே கட்டிலோட தூக்கி வெயில்ல போடு!"