குரூப்பைக் கலைத்தவர்

“குரூப்பையே கலைச்சிட்டான் அந்த ரீனஸ்!”

யெல்லே தன் போனை மனைவி ஹில்டேயின் முகத்துக்கு நேரே நீட்டினார். தெருக்காரர்கள் வருஷக்கணக்காக அரட்டையடித்த குரூப். இப்போது அதில் யெல்லேயைத் தவிர ஒருவரும் இல்லை.

“பயம்! உன்னோட பழகினா தன் பேரும் பட்டியல்ல ஏறிடுமோன்னு எல்லாருக்கும் பயம்!”



ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஹில்டே நீதிபதி. ஒரு போர்க்குற்ற வழக்கில் அவர் போட்ட கையெழுத்து வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கத் தடைப் பட்டியலில் பெயர் ஏறியது; இனி அமெரிக்கக் கம்பெனிகள் அவருக்கு எந்தச் சேவையும் தரக் கூடாது. உடனே மின்னஞ்சல் செத்தது. கடன் அட்டை செத்தது. மகளின் கல்யாணப் படங்கள் ஏதோ ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கணினிக்குள் பூட்டிக்கொண்டன. தெரு குரூப் இருந்ததும் அமெரிக்க ஆப்தான்; அதிலிருந்தும் மறைந்துபோனார்.

சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே நாடு கடத்தப்பட்ட மாதிரி இருந்தது.

போன வாரம்தான் ஐரோப்பாவில் செய்த ஒரு புது ஆப்பைப் போட்டுக்கொண்டு, மீன் வண்டிப் பக்கம் நின்ற தெருக்காரர்களிடம் கேட்டார்.

“எல்லாரும் இதுக்கு வாங்களேன். நமக்குன்னு சொந்தமா ஒண்ணு வேணாமா?”

எதிர்வீட்டு ரீனஸ்தான் முதலில் சிரித்தார். செல்போன் கடைக்காரர். குரூப்பை நடத்துபவரும் அவரே.

“ஜட்ஜம்மா, அதுல நீங்களும் உங்க வீட்டுக்காரரும்தான் மாறி மாறி குட் மார்னிங் சொல்லிக்கணும்! அமெரிக்கா இல்லாம நம்மாளுங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்கு வழி தெரியுமா?”

வாய் நிறைய ஹெர்ரிங் மீனோடு மற்றவர்களும் சிரித்தார்கள்.

இப்போது இது.

“நேராவே கேட்டுடறேன்” என்று ஹில்டே கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். யெல்லே பின்னாலேயே ஓடினார்.

ரீனஸ் வீட்டு ஜன்னலுக்குத் திரை இல்லை. உள்ளே பார்த்த ஹில்டே நின்றுவிட்டார்.

தெருவே அங்கே இருந்தது. சோபாவில், மாடிப்படியில், தரையில். பேக்கரிக்கார அன்னெகே, மொராக்கோக்கார யூசுஃப் தம்பதி, பேசவே பேசாத கடைசி வீட்டு ஃபோக்கோ தாத்தா கூட.

“பார்த்தியா? நம்மள விட்டுட்டுக் கூட்டம் போடறாங்க” என்றார் யெல்லே.

ஹில்டேயின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை.

எடுத்துப் பார்த்தார். புது ஆப். ‘அன்னெகே வந்துவிட்டார்.’ ‘யூசுஃப் வந்துவிட்டார்.’ பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. 

கதவு திறந்தது. கை நிறைய யார் யாருடைய போன்களோடோ ரீனஸ்.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா! ஃபோக்கோ தாத்தா பாஸ்வேர்டை மறந்துட்டு உயிரை எடுக்கறார். அவர் ஒருத்தர்தான் பாக்கி.”

“ரீனஸ்… நீங்கதானே சிரிச்சீங்க?”

“சிரிச்சேன். வீட்டுக்குப் போனப்புறம் சிரிப்பு வரல, ஜட்ஜம்மா. நீங்க நுழைய முடியாத இடத்துல எங்களுக்கு மட்டும் என்ன பேச்சு?”