வவுனியாவில் ஐஸ்

"ஐஸ்தான். வேறொண்டுமில்லை," என்றார் அதிகாரி சிற்றம்பலம்.

உதவி மெக்கானிக் கனகலிங்கம் நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தான். வெள்ளைக்காரன் யுத்தத்துக்கென்று வவுனியாவில் போட்டுவிட்டுப் போன விமானத் தளம் அது. புரட்டாசி வெயில் அதன் தகரக் கூரையைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தது.

"ஐஸோ ஐயா? இஞ்சையோ?"

காலையில் கிளம்பிய டக்கோட்டா விமானம், வேகம் காட்டும் முள் அசையவில்லை என்று ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி இறங்கியிருந்தது. மூக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால்தான் அந்த முள் அசையும். குழாயை எது அடைத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. விமானம் நின்றதும் முதல் ஆளாக ஓடிப்போய், தன் சட்டைப்பை லேஞ்சியாலேயே அதைத் துடைத்து, ஊதி, பளபளப்பாக்கிவிட்டார் சிற்றம்பலம். பொறுப்புள்ள அதிகாரி.

புறப்படுமுன் குழாயின் உறையைக் கழற்றியவன் கனகலிங்கம். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போனால் விசுவமடு ஜெகதீஸ்வரியும் போவாள். மாப்பிள்ளை 'பிளேன்காரன்' என்பதற்காகத்தான் அவள் தகப்பன் தலையாட்டியிருந்தார்.

"சீமையில எத்தினை பிளேன் இப்பிடி மாட்டுப்பட்டது தெரியுமே? இப்ப அங்கத்தைக் கொம்பனிக்காரர் குழாய்க்குச் சூடு குடுக்கக் கரண்ட் கம்பி பூட்டினம். முள்ளை நம்பாமல் ஓட்டப் பைலட்மாரைப் பழக்கினம்."

"ஆனா ஐயா, நிலத்தில ஓடேக்கையே முள்ளு அசையேல்லையாமே?"

"அப்ப நிலத்திலேயே உறைஞ்சிருக்கு."

கனகலிங்கம் வெளியே பார்த்தான். விமானச் சக்கரத்தின் நிழலில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இளைத்தது.

"இஞ்ச பாரும் தம்பி. ஒண்டில் ஐஸ், இல்லாட்டி உம்மட கவலையீனம். எதை எழுத?"

கனகலிங்கத்துக்கு உடனே குளிரத் தொடங்கியது.

"யோசிச்சுப் பாத்தா, விடியச் சில்லெண்டுதான் இருந்தது ஐயா."

"கொஞ்சமோ?"

"பல்லுக் கிட்டிப் போச்சு."

"சாட்சி?"

வாசல் தேத்தண்ணிக் கடை மீராசாகிபு நானாவைக் கூட்டிவர ஓடினான் கனகலிங்கம். வரும் வழியில், "நானா, என்ர கலியாணம் உங்கட வாயிலதான் இருக்கு," என்று காதுக்குள் போட்டுவைத்தான்.

"குளிரோ? என்னத்தைச் சொல்ல ஐயா!" என்றார் மீராசாகிபு. "தேத்தண்ணியை இழுத்து ஆத்தினன். இழுத்தது இழுத்தபடி அந்தரத்தில நிண்டிட்டுது. கத்தியால வெட்டித்தான் குடுத்தனான்."

"வெட்டினதை விடும். குளிர் எண்டு மட்டும் எழுதுறன்."

"வெட்டினதுதானே ஐயா வடிவான சாட்சி?" மீராசாகிபுவுக்கு மனத்தாங்கல்.

சிற்றம்பலம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதன் மேல் அவருடைய வியர்வை சொட்டியது. ஒற்றி எடுத்தார்.

"எங்கட குழாய்க்கும் சூடு குடுக்கிற கம்பி வேணுமெண்டு கொழும்புக்கு எழுதியிருக்கிறன். நீர் பயப்படாதையும். உம்மட வேலைக்கு நான் பொறுப்பு."

கனகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக வவுனியாவையே உறையவைத்த மனிதர்! இப்படியொரு மேலதிகாரி யாருக்கு வாய்ப்பார்?

அந்த நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டோடு வந்தார் சிற்றம்பலத்தின் மனைவி நாகேஸ்வரி. சாப்பாட்டை மேசையில் வைக்கவுமில்லை. யன்னலால் விமானத்தைப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இஞ்சேருங்கோ, நேற்று ஆயுத பூசைக்கு அந்தக் குழாய் நிறைய நான் அமத்தி வைச்ச சந்தனத்தை ஆர் துடைச்சது?"

சிற்றம்பலம் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒருத்தரும் துடைக்கேல்லை அம்மா," என்றான் கனகலிங்கம். "உருகிப் போச்சுது."