கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

அந்தமானில் பாராடாங் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கும் சுரேந்திரன், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் கடைசிப் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுவான். ஆண்டுக்குப் பன்னிரண்டு என்பது இலக்கு. ஒருமுறைகூட எட்டைத் தாண்டியதில்லை. இந்த ஜனவரி முதல் தேதி காலை, சென்னையிலிருந்து கப்பலில் வந்த பன்னிரண்டையும் மேசையில் அடுக்கினான். எல்லாம் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன.

முதல் உறையைக் கிழித்தான். கடைசிப் பக்கத்தில் அவனுடைய கையெழுத்து இருந்தது. தேதி, வரப்போகும் ஜனவரி இருபத்தெட்டு. இரண்டாவதில் பிப்ரவரி. மூன்றாவதில் மார்ச் பத்தொன்பது.

நான்காவது புத்தகத்தில் நூற்றுப்பத்தாம் பக்கத்தின் மூலை, அவன் வழக்கமாக மடிப்பதுபோல் மடிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் "புஷ்பா" என்று தமிழில் எழுதி, அடுத்த ஆண்டு நவம்பர் தேதி போட்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டான். "இதுல நீ எழுதினியா?"

புஷ்பா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "நானா? நான் ஹிந்தி மீடியம், மாலூம் ஹை நா, தெரியும்ல? தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவள் அடுப்படிக்குப் போனதும் மீதி எட்டையும் கிழித்தான். எல்லாவற்றிலும் அவள் பெயர்தான். நான்காவதில் கோணல்மாணலாக இருந்த எழுத்துகள் ஏழாவதில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. ஆறு ஆண்டு தள்ளித் தேதியிட்ட பன்னிரண்டாவதில், அப்படியே அவன் எழுதுவதைப் போலவே இருந்தன.