மோகனாவின் காது

மோகனாவின் காது குறுகுறுத்தது. ஹெப்சியின் காது குறுகுறுக்கவில்லை. மூன்று வாரமாக ஹெப்சிக்குச் சோறு இறங்காததற்கு இது ஒன்றுதான் காரணம்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தோல் தைத்தவர்கள். சொல்லி வைத்தாற்போல இருவருக்குமே உள்ளங்கையில் சோரியாசிஸ் வந்தது. தடித்து, செதில் செதிலாக உரிந்து, வெடித்து ரத்தம் கசிந்தது. தைக்கிற வெள்ளைத் தோலில் ரத்தப் பொட்டு விழுந்த அன்றே சூப்பர்வைசர் வேதாசலம் இருவரையும் பேக்கிங்கில் தள்ளிவிட்டார். ஷூவுக்குள் காகித உருண்டை திணிக்கிற வேலை.

"தையல்ல ஒரே ஒரு சீட்டுதாம்மா காலி," என்றார் மூக்காலேயே. "ரெண்டு பேர்ல யார் கை முதல்ல ஆறுதோ அவங்க போய் உக்காருங்க. அடுத்த மாசம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்."

வேலூர் தோல் டாக்டரம்மா இருவரையும் ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு மிஷின், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதில் மாட்டுகிற கிளிப். காதில் ஓடுகிற நரம்புக்கு லேசாகக் கரண்ட் கொடுத்தால் உடம்புக்குள் இருக்கிற அழற்சி அடங்குகிறதா என்று பார்க்கிறார்களாம். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். ஆயின்மென்ட்டை நிறுத்தக் கூடாது, இது கூடுதல்தான். சில மிஷினில் கரண்ட் ஓடும், சிலதில் ஓடாது. எதில் ஓடும் என்று அவருக்கே தெரியாது. ஒருத்தர் மிஷினை இன்னொருத்தர் மாற்றிக்கொள்ளவே கூடாது. இருவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

முதல் நாளே, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி," என்று நெளிந்தாள் மோகனா. ஹெப்சி காதில் எறும்பும் ஊரவில்லை, ஈயும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் பதினைந்து நிமிஷம் மோகனா கண்ணை மூடி உட்காருவதைப் பார்த்தாலே ஹெப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோகனாவின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. எதிரே சாப்பிடும் பில்கிஸ் வேறு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெடிப்பெல்லாம் எவ்வளவு கம்மியாயிடுச்சு என்று அதிசயப்பட்டாள். ஹெப்சியின் கையைப் பார்த்ததும் அவசரமாக ஊறுகாய் டப்பாவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் 'எனக்கும் கொடும் ஆண்டவரே' என்று ஆரம்பித்த ஹெப்சியின் ஜெபம், 'அவளுக்கு நிறுத்தும்' என்று போய் முடிந்தது.

நேற்று ஹெப்சி திணித்த காகித உருண்டையில் ரத்தம். வேதாசலம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து லைன் முழுக்கக் காட்டினார். அந்த எரிச்சலையும் ஹெப்சி மோகனா மேல்தான் கொட்டினாள். "உனக்கென்ன, சீட்டு உன்னுதுதான்."

மோகனா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திமிர் என்று நினைத்துக்கொண்டாள் ஹெப்சி.

இன்று மத்தியானம் மோகனா டிபன் பாக்ஸ் கழுவப் போனாள். அவள் பை பெஞ்சின் மேலேயே இருந்தது. இரண்டு மிஷினும் ஒரே அச்சு, பேரும் நம்பரும் வெளி உறையில்தான். ஹெப்சி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மோகனா உறையிலிருந்த மிஷின் ஹெப்சி உறைக்குள் வந்தது. ஹெப்சியுடையது அங்கே போனது.

எடுத்துக்கொண்டு ஓடினால்தான் திருட்டு, ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுப்பது வெறும் மாற்றம்தான் என்று தனக்குத் தானே பிரசங்கம் செய்துகொண்டாள், பாஸ்டர் குரலிலேயே. கிளிப்பை மாட்டி, பட்டனை அழுத்தி, மோகனா மூடுகிற மாதிரியே கண்ணை மூடினாள்.

எறும்பைக் காணோம்.

மறுபடி அழுத்தினாள். கிளிப்பை அப்படி இப்படித் திருகினாள். ஒன்றுமில்லை.

மோகனா வந்து உட்கார்ந்து தன்னுடையதை மாட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புருவத்தைச் சுருக்கினாள். மிஷினைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஹெப்சியைப் பார்த்தாள்.

ஹெப்சி சட்டென்று குனிந்துகொண்டாள். தெரிந்துவிட்டது.

"ஹெப்சி, உனக்கு இப்ப குறுகுறுங்குதா?"

"இல்லியே. ஏன் கேக்கற?"

மோகனா தலையில் அடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாத. நேத்து உன் கை ரத்தத்தைப் பாத்து மனசு கேக்கல. எனக்கு பாதி ஆறிடுச்சு, சீட்டு உனக்கே கெடைக்கட்டும்னு, காலையில நீ பாத்ரூம் போனப்ப ரெண்டு மிஷினையும் மாத்தி வெச்சேன். அவசரத்துல தப்பா வெச்சுட்டேன் போல, இன்னும் எனக்கேதான் ஊருது."

காதிலிருந்த கிளிப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, சீக்கிரம் புடிடி. பேட்டரி வீணாப் போவுது."